காட்டுக்குள் நிற்கும் கோட்டைகள்: ஃபெல்ட்சர்வால்ட் மலைகளில் நான்கு நாட்கள்

பிராங்க்ஃபர்ட்டில் இருக்கும் தங்கை வீட்டுக்கு, அறுபத்தைந்து வயதைக் கடந்த அம்மா அப்பாவோடும் பத்து வயது மகனோடும் வரவிருக்கிறீர்கள். நொய்ஷ்வான்ஷ்டைன் போலக் கூட்டம் மொய்க்கும் இடம் வேண்டாம், காடும் மலையுமான ஒரு பகுதியில் உண்மையான பழங்கோட்டைகளை நிதானமாகப் பார்க்க வேண்டும், நான்கு நாட்கள் கையில் இருக்கின்றன, எங்கே போவது, எதை எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். லண்டாவ் நகரில் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்து, விடுமுறை நாட்களில் பெரும்பாலும் அந்த மலைகளிலேயே சுற்றியவன் என்ற முறையில் நான் சொல்லக்கூடிய இடம் ஒன்றுதான். ஜெர்மனியின் தென்மேற்கில், பிரான்ஸ் எல்லையை ஒட்டி விரிந்து கிடக்கும் ஃபெல்ட்சர்வால்ட் என்ற காட்டுப் பகுதிக்குப் போங்கள். நான்கு நாட்களையும் அங்கேயே கழியுங்கள். ரைன் நதிக்கரைக் கோட்டைகளையும் இதோடு சேர்த்துக்கொள்ள ஆசைப்படாதீர்கள்.

முதலில் ஒரு சொல் விளக்கம். நாம் கோட்டை என்று பொதுவாகச் சொல்வதற்கு ஜெர்மானியர்களிடம் இரண்டு சொற்கள் உண்டு. ‘பூர்க்’ என்பது பகைவரைத் தடுத்து நிற்கக் கட்டிய இடைக்கால அரண். ‘ஷ்லோஸ்’ என்பது வசதியும் பெருமிதமும் கருதிக் கட்டிய மாளிகை. நொய்ஷ்வான்ஷ்டைன் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதன் கட்டுமானம் தொடங்கியதே 1869இல்தான், அதாவது பீரங்கிகளும் ரயில்களும் வந்துவிட்ட காலத்தில். ஃபெல்ட்சர்வால்டில் நீங்கள் பார்க்கப்போவது ஏறத்தாழ முழுவதும் முதல் வகை. அவற்றிலும் பெரும்பாலானவை இடிந்தவை. அலங்கரித்த அறைகளும் தங்க முலாம் பூசிய கட்டில்களும் இங்கே கிடையாது. இதை முன்பே வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் முதல் நாளே ஏமாற்றமாகப் போய்விடும்.

இந்தக் காட்டில் ஏன் இத்தனை கோட்டைகள் என்ற கேள்விக்கு விடை அந்த மண்ணிலேயே இருக்கிறது. மலைகள் முழுவதும் சிவந்த மணற்பாறையால் ஆனவை; ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த மணல் இறுகி உண்டான பாறை. அதன் அடுக்குகளில் சில கடினமானவை, சில மென்மையானவை. மென்மையானவை மழையிலும் பனியிலும் கரைந்துவிட, கடினமானவை மலை முகடுகளின் மேல் செங்குத்தான சுவர்களைப் போல எஞ்சி நிற்கின்றன. மதில் எழுப்ப வேண்டிய வேலையில் பாதியை இயற்கையே முடித்து வைத்திருந்த இடங்கள் இவை. மேலும் மணற்பாறை, கிரானைட் போலன்றி, உளிக்கு எளிதில் இடம் கொடுக்கும். பாறையைக் குடைந்தே படிக்கட்டும் அறையும் தண்ணீர்த் தொட்டியும் அமைத்துவிடலாம். அந்த மண் வேளாண்மைக்கு உதவாத வறட்டு மணல் என்பதால் காட்டை முற்றிலும் அழித்து வயலாக்கும் தேவையும் எழவில்லை. அதனால்தான் இன்றும் ஏறத்தாழ 1,800 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஜெர்மனியின் மிகப் பெரிய தொடர் காடுகளில் ஒன்றாக அது நிற்கிறது. 1992இல் யுனெஸ்கோ இதை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. 1998இல் எல்லைக்கு அப்பாலுள்ள பிரான்சின் வடக்கு வோஜ் மலைக்காட்டோடு இணைந்து இரு நாட்டுக் காப்பகமாகவும் ஆனது.

கல் கொடுத்த வசதியோடு அரசியலும் சேர்ந்துகொண்டது. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் புனித ரோமானியப் பேரரசை ஆண்ட ஷ்டவுஃபர் மரபுப் பேரரசர்களின் ஆட்சிக்கு இந்த வட்டாரம் நடுநாயகமாக இருந்தது. பேரரசரின் பணியாளர்களாக இருந்து உயர்ந்த வீரர் குடும்பங்கள் ஆளுக்கொரு பாறையில் அரண் கட்டிக்கொண்டன. அந்த மரபு அற்றுப்போன பிறகு, மேலே தட்டிக்கேட்க ஆள் இல்லாத நிலையில், வாரிசுகள் கோட்டையைப் பங்குபோட்டுக்கொண்டார்கள். ஒரே பாறையில் பல குடும்பங்கள் சுவர் வைத்துப் பிரித்து வாழ்ந்த கோட்டைகளும் உண்டு. அழிவும் இங்கே அலை அலையாக வந்தது. 1523இல் பிரபுக்களின் சண்டை, 1525இல் உழவர் எழுச்சி, பிறகு முப்பதாண்டுப் போர், இறுதியாக 1680களில் பதினான்காம் லூயியின் பிரெஞ்சுப் படைகள். எந்தக் கோட்டைக்குப் போனாலும் ‘இது எந்த அலையில் விழுந்தது’ என்று கேட்டுப் பாருங்கள். கதை பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும்.

தங்குவதற்கு அன்வைலர் என்ற சிற்றூரைச் சொல்வேன். பிராங்க்ஃபர்ட்டிலிருந்து மன்ஹைம், நொய்ஷ்டாட், லண்டாவ் வழியாக ரயிலிலேயே வந்து சேரலாம். ஊரின் நடுவே குவைக் ஆறு ஓடுகிறது. 1219இல் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக் நகர உரிமை வழங்கிய பழைய ஊர். தலைக்கு மேலே மூன்று குன்றுகள் வரிசையாக நிற்கும். மூன்றின் உச்சியிலும் ஒவ்வொரு கோட்டை. முதலாவது ட்ரீஃபெல்ஸ், அடுத்தது அனெபோஸ், மூன்றாவது ஊரார் ‘முன்ட்ஸ்’ என்று அழைக்கும் ஷார்ஃபன்பெர்க். இரண்டாவது நாளை இவற்றுக்கு வையுங்கள். மூன்றையும் ஒரே பகலில் நடந்து பார்த்துவிடலாம் என்றாலும், உங்கள் பெற்றோரை ட்ரீஃபெல்ஸோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். அங்கே வாகன நிறுத்தத்திலிருந்து ஏறும் பாதை அகலமானதுதான், ஆனால் ஏற்றம் சற்றுக் கடுமையானது. சாதாரண நடைக்கு இருபது நிமிடம் என்றால் அவர்களுக்கு அதைப்போல் இரு மடங்கு நேரம் ஒதுக்குங்கள்.

ட்ரீஃபெல்ஸ் 1081இல் முதன்முதலாக ஆவணத்தில் பெயர் பெறுகிறது. ஷ்டவுஃபர் காலத்தில் அதற்கு இருந்த மதிப்பை ஒரே செய்தியால் விளக்கிவிடலாம். 1125க்கும் 1298க்கும் இடையில், விட்டு விட்டு, பேரரசின் முடி, செங்கோல், வாள், புனித ஈட்டி முதலிய அரச சின்னங்கள் இங்கேதான் பாதுகாக்கப்பட்டன. அந்தக் காலத்தில் முடிசூடும் உரிமை வாதத்தால் மட்டும் கிடைப்பதில்லை. அந்தப் பொருட்கள் யார் கையில் இருக்கின்றனவோ அவர் பக்கம் எடை கூடும். ‘ட்ரீஃபெல்ஸ் யாரிடமோ பேரரசு அவரிடம்’ என்ற வழக்கு அதனால் பிறந்தது. இன்று கோட்டைக்குள் நீங்கள் காண்பவை நகல்கள். மூலங்கள் வியன்னாவின் ஹோஃப்பூர்க் அரண்மனைக் கருவூலத்தில் இருக்கின்றன. நகல்கள் என்றாலும் நல்ல வேலைப்பாடு. பையன் கண்ணாடிக்கு முன் நெடுநேரம் நிற்பான்.

அவனுக்குச் சொல்ல இன்னொரு கதையும் இங்கே உண்டு. மூன்றாம் சிலுவைப் போரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த இங்கிலாந்து மன்னர் சிங்கநெஞ்சன் ரிச்சர்ட், 1192 டிசம்பரில் வியன்னா அருகே ஆஸ்திரியக் கோமகன் லியோபோல்டின் ஆட்களிடம் பிடிபட்டார். அடுத்த ஆண்டு மார்ச்சில் அவரைப் பேரரசர் ஆறாம் ஹென்றியிடம் ஒப்படைத்தார்கள். அவர் ரிச்சர்டை ட்ரீஃபெல்ஸில் வைத்தார். இங்கே அவர் இருந்தது சுமார் மூன்று வாரங்கள்தான். விடுதலைக்கு முதலில் கேட்ட பணம் 1,00,000 மார்க் வெள்ளி. கொலோன் எடைக்கணக்கில் ஒரு மார்க் ஏறத்தாழ 233 கிராம், ஆகவே 23 டன் வெள்ளி. பின்னர் தொகை 1,50,000 மார்க்காக உயர்ந்தது. 1194 பிப்ரவரியில் மைன்ஸ் நகரில் அவர் விடுவிக்கப்பட்டார். அதே ஆண்டு மே மாதம் ஹென்றி இதே ட்ரீஃபெல்ஸிலிருந்து சிசிலியை வெல்லப் படையோடு புறப்பட்டார். ரிச்சர்டின் மீட்புப் பணம் அந்தப் படையெடுப்புக்குப் பயன்பட்டது. வென்ற பின் சிசிலியின் நார்மன் அரசர்களுடைய கருவூலச் செல்வமும் இந்தக் குன்றுக்கே வந்து சேர்ந்தது. ரிச்சர்டின் பாணன் ஒருவன் கோட்டை கோட்டையாகப் பாடிக்கொண்டே போய்த் தன் மன்னனைக் கண்டுபிடித்தான் என்ற கதையை அங்கே எல்லோரும் சொல்வார்கள். அழகான கதை, ஆனால் பிற்காலத்தது. மன்னர் எங்கே இருந்தார் என்பது ஐரோப்பிய அரசவைகளுக்குத் தெரிந்தே இருந்தது.

ட்ரீஃபெல்ஸைப் பார்க்கும்போது ஒன்றை மறக்காமல் மனத்தில் வையுங்கள். நீங்கள் காணும் பெருங்கட்டடத்தின் கணிசமான பகுதி இடைக்காலத்தது அன்று. 1602இல் இடி விழுந்து எரிந்த கோட்டை பின்னர் ஊரார் கல் எடுக்கும் குவாரியாகிப் போனது. 1938இல், நாஜி ஆட்சிக் காலத்தில், கட்டடக் கலைஞர் ரூடோல்ஃப் எஸ்டரர் அதை மீண்டும் எழுப்பத் தொடங்கினார். நோக்கம் பழையதை மீட்பதைவிடப் பேரரசுப் பெருமைக்கு ஒரு தேசிய நினைவிடம் அமைப்பது. உள்ளே இரண்டு மாடி உயரத்துக்கு எழும் பெருமண்டபம் அந்தக் கற்பனையின் விளைவு. தென்னித்தாலியிலுள்ள ஷ்டவுஃபர் கோட்டைகளின் சாயலில் வரைந்தது. இந்தக் குன்றில் அப்படியொரு மண்டபம் ஒருநாளும் இருந்ததில்லை. பணி போருக்குப் பிறகும் 1960கள் வரை தொடர்ந்தது. பலர் இதை அறியாமலேயே ‘இடைக்கால அரசவை’ என்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். உண்மையான 13ஆம் நூற்றாண்டைக் காண வேண்டுமானால் முதன்மைக் கோபுரத்தின் கிழக்குச் சுவரை வெளியிலிருந்து பாருங்கள். மேலே ஒரு சிறு அரைவட்டப் புடைப்பு நீட்டிக்கொண்டிருக்கும். அது தேவாலயத்தின் பலிபீட மாடம். அதைச் சுற்றியுள்ள கற்களின் முகம் நடுவில் மெத்தைபோல் உப்பியும், ஓரங்களில் நேராகச் செதுக்கப்பட்டும் இருக்கும். இந்த உப்பற்கல் வேலைதான் ஷ்டவுஃபர் காலக் கட்டுமானத்தின் முத்திரை. ஒருமுறை கண் பழகிவிட்டால், பிறகு எந்தக் கோட்டையிலும் எந்தச் சுவர் பழையது, எது பிற்சேர்க்கை என்று நீங்களே பிரித்துச் சொல்லிவிடுவீர்கள்.

இப்படிக் கண்ணைப் பழக்குவதுதான் இந்தப் பயணத்தில் முதன்மையான வேலை என்பது என் எண்ணம். இடிபாடுகளில் நிற்பதைப் பார்ப்பதைவிட, இல்லாமல் போனதைப் பார்க்கத் தெரிய வேண்டும். அதற்குப் பாறையிலும் சுவரிலும் உள்ள துளைகளைப் படித்தாலே போதும். பாறை முகத்தில் ஒரே மட்டத்தில் வரிசையாகச் சதுரக் குழிகள் தெரிந்தால் அங்கே மரத்தளம் ஒன்று இருந்தது. உத்திரங்களின் நுனி அந்தக் குழிகளில் செருகி நின்றது. அதற்கு மேல் சாய்வான ஒரு பள்ளக்கோடு ஓடினால் அது கூரை பாறையில் முட்டிய இடம். மழைநீர் உள்ளே இறங்காமல் தடுக்க வெட்டியது. சுவர்க்கற்களின் நடுவில் சிறு விரல் அளவுக் குழி ஒன்று இருந்தால், கல்லைத் தூக்கிய இரும்புக் கிடுக்கியின் பல் பதிந்த தடம் அது. கோபுரத்தின் வாசல் தரையில் இல்லாமல் ஆறேழு மீட்டர் உயரத்தில் இருந்தால் வியக்க வேண்டாம். இழுத்துக்கொள்ளத்தக்க மர ஏணியில் ஏறி உள்ளே போவார்கள். கீழே நின்ற பகைவன் கையைப் பிசைந்துகொண்டிருப்பான். ஒரு கோட்டையில் நிஜமாக வாழ்ந்த மனிதர்கள் பெரும்பாலும் மரக் கட்டடங்களிலேயே வாழ்ந்தார்கள். அவை எரிந்தும் மக்கியும் போய்விட்டதால், எலும்பை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்ற நினைவு இருந்தால் அந்த வெற்றுப் பாறைகள் தாமே பேசத் தொடங்கும்.

இதைப் பழகுவதற்கு மிகச் சிறந்த இடம் டான் என்ற ஊருக்கு மேலே உள்ள ஆல்ட்டான். மூன்றாவது நாளை முழுவதும் அந்தப் பக்கத்துக்கே வையுங்கள். வேறு எந்த நாளைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள். ஒரே முகட்டில், ஒன்றையடுத்து ஒன்றாக எழும் பாறைகளின் மேல் ஆல்ட்டான், கிராஃபன்டான், டான்ஷ்டைன் என்ற மூன்று கோட்டைகள் ஏறத்தாழ 200 மீட்டர் நீளத்துக்கு நிற்கின்றன. ஒரே குடும்பத்தின் கிளைகள் கட்டியவை. பின்னர் நடுக்கோட்டை வேறொரு பிரபுவின் கைக்குப் போனது. பாறைக்குள் வெட்டிய படிகள், நூற்றாண்டுகளின் காலடியில் தேய்ந்து நடுவில் குழிந்து கிடக்கும். பாறையைக் குடைந்த காவல் அறைகளில் நுழைந்து சன்னல் துளை வழியே பார்த்தால், கீழே டான் பள்ளத்தாக்கின் சிவப்புப் பாறைத் தூண்கள் காட்டுக்குள்ளிருந்து தலை நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். உங்கள் தாய் தந்தையர் கீழ்த்தளத்திலேயே சுற்றி வரலாம். கீழேயே பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது. மேல்தளங்களுக்குச் செல்லும் படிகள் குறுகலானவை, மழை பெய்திருந்தால் வழுக்கும்.

அங்கிருந்து சற்றுத் தூரத்தில், புசன்பெர்க் ஊருக்கு மேலே ட்ராக்கன்ஃபெல்ஸ் இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் அதன் பாறை ஒரு கடைவாய்ப்பல் போலவே தெரியும். ஊராரும் அப்படித்தான் அழைக்கிறார்கள். இது முன்பு சொன்ன பங்காளிக் கோட்டைகளில் ஒன்று. ஃபிரான்ட்ஸ் ஃபொன் சிக்கிங்கன் என்ற பிரபு பங்குதாரர்களுள் ஒருவராக இருந்தார். அவர் ட்ரியர் பேராயருக்கு எதிராகப் போர் தொடுத்துத் தோற்று, 1523 மே 7ஆம் நாள் லண்ட்ஷ்டூலில் தம் நான்ஷ்டைன் கோட்டையில், பீரங்கித் தாக்குதலில் பட்ட காயத்தால் இறந்தார். வெற்றி பெற்ற சிற்றரசர்களின் படை மூன்றே நாட்களில் ட்ராக்கன்ஃபெல்ஸுக்கு வந்து அதையும் அழித்தது. மற்றப் பங்குதாரர்கள் எவ்வளவு கெஞ்சியும் திரும்பக் கட்ட அனுமதி கிடைக்கவில்லை. பாறையில் கட்டிய அரண் ஈட்டிக்கும் அம்புக்கும் அஞ்சாது. பீரங்கிக்கு முன் சில நாட்கள்கூடத் தாங்காது என்பது அந்த ஒரு வாரத்தில் ஐரோப்பாவுக்கே தெரிந்துபோயிற்று. இங்கே உச்சிக்கு ஏற நீங்களும் மகனும் மட்டும் போங்கள். பாறையின் அடியில் நடைப்பயணக் குடில் ஒன்று இருக்கிறது. பெரியவர்கள் அங்கே அமர்ந்திருக்கலாம்.

அதே நாளின் பிற்பகலில் பெர்வார்ட்ஷ்டைன். இந்த வட்டாரத்தில் மக்கள் இன்னும் வசிக்கும் கோட்டை என்று இதைத்தான் காட்டுவார்கள். 1152இல் பேரரசர் பார்பரோசா இதை ஸ்பெயர் ஆயருக்குக் கொடையாக அளித்ததாக ஆவணம் சொல்கிறது. 1591இல் இடி விழுந்து எரிந்தது. முந்நூறு ஆண்டுகள் இடிபாடாகக் கிடந்து, 1890களில் மீண்டும் கட்டப்பட்டது. ஆகவே கூரையும் அறைகளும் புதியவை, பாறைக்குள் வெட்டிய பகுதிகளே பழையவை. அவற்றில் நெஞ்சை நிறுத்துவது கிணறு. 104 மீட்டர் ஆழத்துக்கு, உளியும் சுத்தியலும் கொண்டு, முழுப் பாறையில் வெட்டியிருக்கிறார்கள். மணற்பாறை நீரைத் தேக்காமல் உறிஞ்சிவிடும் என்பதால் மலையுச்சிக் கோட்டைகளுக்குத் தண்ணீரே உயிர்நாடி. கிணறு வெட்ட இயலாதவர்கள் மழைநீரை மணல் வழியே வடிகட்டித் தொட்டிகளில் சேர்த்தார்கள். ட்ரீஃபெல்ஸின் கிணறும் 79 மீட்டர் ஆழமானது.

பெர்வார்ட்ஷ்டைனின் பெயரைக் கேட்டாலே அந்தப் பக்கத்துக் குழந்தைகள் ஒரு காலத்தில் நடுங்கியிருப்பார்கள். 1480இல் இந்தக் கோட்டையைப் பெற்ற ஹான்ஸ் ஃபொன் ட்ரோட்டா என்ற வீரர், அருகிலிருந்த வைசன்பூர்க் மடத்தோடு நிலத் தகராறில் இறங்கினார். லவுட்டர் ஆற்றை அணை போட்டுத் தடுத்து, கீழேயிருந்த வைசன்பூர்க் நகரைத் தண்ணீரில்லாமல் தவிக்கவிட்டார். முறையீடு எழுந்ததும் அணையை ஒரேயடியாக உடைத்து நகரை வெள்ளத்தில் மூழ்கடித்தார். போப்பாண்டவர் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். பேரரசரின் தண்டனையும் வந்தது. 1503இல் அவர் இயற்கையாகவே இறந்தார். ஆனால் மக்கள் நினைவில் அவர் ‘ஹான்ஸ் ட்ராப்’ என்ற பூச்சாண்டியாக மாறிவிட்டார். இன்றும் அல்சாஸ் பகுதியில் கிறிஸ்துமஸ் காலத்தில் பரிசு கொண்டுவரும் குழந்தை இயேசுவின் தேவதைக்குப் பக்கத்தில், சொல்பேச்சுக் கேளாத பிள்ளைகளை மிரட்ட அவர் வேடத்தில் ஒருவர் வருவார். இந்தக் கோட்டையின் உட்புறத்தை வழிகாட்டியோடுதான் பார்க்க முடியும். பருவத்துக்கு ஏற்ப நேரம் மாறும் என்பதால் முன்னதாக விசாரித்துக்கொண்டு போங்கள்.

முதல் நாளை, பயணக் களைப்பு இருக்கும் என்பதால், நொய்ஷ்டாட்டுக்கு மேலுள்ள ஹம்பாக்குக்கு வைக்கலாம். நொய்ஷ்டாட் ரயில் நிலையத்திலிருந்து பேருந்து மேலே போகிறது. இதை இப்போது ‘ஷ்லோஸ்’ என்று அழைத்தாலும் அடிப்படையில் இடைக்கால அரண்தான். 1832 மே 27 அன்று விர்த், சீபன்ஃபைஃபர் என்ற இரண்டு பத்திரிகையாளர்கள் அழைத்த கூட்டத்துக்கு 20,000 முதல் 30,000 பேர் வரை நகரிலிருந்து இந்தக் குன்றுக்கு ஊர்வலமாக ஏறினார்கள். அப்போது இந்தப் பகுதி பவேரிய அரசின் கீழ் இருந்தது. தணிக்கையும் வரிச்சுமையும் விளைச்சல் பொய்த்ததும் மக்களைக் கொதிக்க வைத்திருந்தன. ஒன்றுபட்ட ஜெர்மனி, மக்களாட்சி, ஐரோப்பிய நாடுகளின் நட்பு என்று பேசினார்கள். எழுச்சி தோற்று நாடிழந்து வந்த போலந்து அகதிகளும் அதில் கலந்துகொண்டார்கள். பெண்களையும் வெளிப்படையாக அழைத்திருந்தார்கள். இன்று ஜெர்மனியின் கொடியாக இருக்கும் கறுப்பு, சிவப்பு, பொன் நிறங்கள் அன்று பெருந்திரளாகப் பறந்தன. அன்றைய மூலக் கொடிகளில் ஒன்று உள்ளே காட்சிக்கு இருக்கிறது. அரசர்களின் அரண்களாகத் தொடங்கிய கோட்டைகளுள், அரசனுக்கு எதிராகக் கூடிய மக்களால் பெயர்பெற்றது இது ஒன்றுதான் என்பதால் எனக்கு இதன்மேல் தனி மதிப்பு உண்டு. உள்ளே கண்காட்சி புதிய முறையில் அமைந்தது, பெரியவர்களுக்கு எளிது.

நேரம் மிஞ்சினால் அருகிலுள்ள எடன்கோபனிலிருந்து இருக்கைக் கம்பிவட வண்டியில் ரீட்பூர்க் இடிபாட்டுக்கு ஏறலாம். நடக்கவே வேண்டாத ஒரே கோட்டை இது. 1255இல் இதன் சொந்தக்காரர் ஒருவர் அப்போதைய ஜெர்மன் அரசர் ஹாலந்து வில்லியமின் மனைவியையே வழிமறித்துக் கடத்தி இங்கே அடைத்து வைத்தார் என்பதைத் தவிரக் கோட்டையில் அதிகம் இல்லை; ஆனால் ரைன் சமவெளி முழுவதும் காலடியில் விரிந்து கிடக்கும். சமவெளியில் திராட்சைத் தோட்டம், அதற்கு மேல் காட்டின் விளிம்பில் கஷ்கொட்டை மரங்கள், அதற்கு மேல் ஊசியிலையும் பீச் மரமும் என்ற அடுக்கை அங்கிருந்து தெளிவாகக் காணலாம். திராட்சைக் கொடிக்குக் கம்பு வேண்டியே கஷ்கொட்டையை அங்கே வளர்த்தார்கள். ஹம்பாக் கோட்டையின் பழைய பெயரான ‘கேஸ்டன்பூர்க்’கூட அந்தக் கொட்டையிலிருந்து வந்ததுதான்.

நான்காவது நாளுக்கு இரண்டு வழிகள். எல்லோரும் சேர்ந்து போவதானால் பாட் டுர்க்ஹைம் அருகே ஹார்டன்பூர்க். பெரிய இடிபாடு, அதிகம் ஏற வேண்டியதில்லை. நீங்களும் மகனும் மட்டும் என்றால் எல்லைக்குப் போங்கள். ஷோனாவ் அல்லது நோட்வைலர் கிராமத்திலிருந்து வேகல்ன்பூர்க்குக்கு ஏறினால், 572 மீட்டர் உயரத்தில், இந்தப் பகுதியின் மிக உயர்ந்த கோட்டையில் நிற்பீர்கள். அங்கிருந்து காட்டுப் பாதையில் சில நிமிடம் நடந்தால் ஒரு எல்லைக்கல். அதைத் தாண்டினால் பிரான்ஸ். ஹோஹன்பூர்க், லோவன்ஷ்டைன், ஃப்ளெக்கன்ஷ்டைன் என்று அடுத்த மூன்று கோட்டைகளும் அந்தப் பக்கம். காவல் சாவடியோ வேலியோ கிடையாது. முகடு ஒன்று, கல் ஒன்று, கட்டிய கைகளின் முறை ஒன்று; எல்லைக்கோடு மட்டும் நூற்றாண்டுகளாக நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. ஷெங்கன் பகுதிக்குள் இருந்தாலும் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். நடைக்கு அரை நாள் போதும்.

கோட்டைக் கட்டுமானத்தில் ஈடுபாடு முற்றியவர்களுக்கு மட்டும் இன்னும் இரண்டு பெயர்கள் சொல்கிறேன். மெர்ட்சால்பனுக்கு மேலுள்ள கிரேஃபன்ஷ்டைனின் கோபுரம் ஏழு பக்கங்கள் கொண்டது; அப்படியொன்று வேறெங்கும் காண்பது அரிது. ராம்பெர்க்குக்கு அருகே நொய்ஷார்ஃபனெக்கில் மலைச்சரிவைப் பார்த்து நிற்கும் கேடயச் சுவர் 58 மீட்டர் நீளம், 12 மீட்டர் தடிப்பு. அந்தத் தடிப்புக்குள்ளேயே அறைகள் உண்டு.

இனி நடைமுறைச் செய்திகள். பயணத்துக்குச் சிறந்த காலம் பீச் மரங்கள் துளிர்விடும் ஏப்ரல் இறுதியும் மே மாதமும், அல்லது கஷ்கொட்டை உதிரும் அக்டோபர். குளிர்காலத்தில் ட்ரீஃபெல்ஸ் உட்படப் பல இடங்கள் மூடிக்கிடக்கும், மாலை நாலரைக்கே இருட்டிவிடும். பெரும்பாலான இடிபாடுகளுக்குக் கட்டணமோ வாயிலோ இல்லை. அதன் மறுபக்கம், விளக்கும் காவலரும் இல்லை. கம்பிப்பிடிகள் எல்லா இடத்திலும் இல்லை. பையனின் கையை உச்சிகளில் விடாதீர்கள். நல்ல பிடிப்புள்ள காலணி கட்டாயம். காட்டுப் புல்லில் உண்ணிகள் உண்டு; அவை சில நோய்களைப் பரப்பும். நீளக் காற்சட்டை அணிந்து, மாலையில் அறைக்குத் திரும்பியதும் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுமடலின் பின்புறம் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். வசந்தத்தில் சில பாறைகளில் பொரி வல்லூறுகள் கூடு கட்டும். அங்கே ஏறக்கூடாது என்ற பலகை இருந்தால் அதை மதியுங்கள்.

உணவைப் பற்றி யாரும் சொல்லாமல் விடுவது, காட்டுக் குடில்கள்தான். 1902இல் தொடங்கிய ஃபெல்ட்சர்வால்ட் சங்கத்தின் கிளைகள் இந்த மலைகளில் ஏறத்தாழ நூறு குடில்களை நடத்துகின்றன. பரிமாறுபவர்கள் பெரும்பாலும் ஊதியம் பெறாத உறுப்பினர்கள். ஒரே நீள மேசையில் முன்பின் தெரியாதவர்களோடு அமர்ந்து சாப்பிடுவதே அங்கே வழக்கம்; தயங்காமல் வணக்கம் சொல்லி உட்காருங்கள். இறைச்சி உண்பவர்களுக்கு வகைகள் பல. உங்கள் அம்மா சைவம் என்றால் உருளைக்கிழங்கோடு தரும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும், ஆவியில் வேகவைத்து அடிப்புறம் உப்போடு முறுகச் செய்யும் ‘டாம்ஃப்நூடல்’ என்ற உருண்டையும் நன்றாக ஒத்துப்போகும். அது இனிப்புச் சாறோடு வரும். உருளைக்கிழங்குச் சூப்பில் பன்றி இறைச்சித் துண்டு சேர்ப்பார்களா என்று முன்பே கேளுங்கள். பல குடில்கள் வார இறுதியிலும் புதன்கிழமையிலும் மட்டுமே திறக்கும். அட்டை செல்லாத இடங்கள் உண்டு, கையில் ரொக்கம் வைத்திருங்கள்.

வழி தவறுவோமோ என்ற அச்சம் வேண்டாம். மரங்களில் வண்ணப் பட்டைக் குறிகளை அந்தச் சங்கமே வரைந்து பராமரிக்கிறது. பாதையோரத்தில் ‘ரிட்டர் கற்கள்’ எனப்படும், பெயர் பொறித்த மணற்கற்களும் அங்கங்கே எதிர்ப்படும், 300க்கும் மேற்பட்டவை. ‘ரிட்டர்’ என்றால் வீரன் என்று பொருள் வருவதால் பலர் வீரக்கற்கள் என்று நினைப்பார்கள். உண்மையில் சங்கத்தின் முதல் தலைவரின் குடும்பப் பெயர் அது. கல்லில் ஊர்ப்பெயருக்கு முன் தனியாக ‘ஆர்’ என்ற எழுத்து இருந்தால், ‘எச்சம்’ என்பதன் சுருக்கம். அங்கே ஒரு காலத்தில் ஏதோ ஒரு கட்டடம் இருந்து இப்போது சுவடு மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட கல்லைக் கண்டால் பையனைச் சற்று நிறுத்தி, சுற்றியுள்ள பாசி படிந்த மேடுகளில் எது சுவர் என்று தேடச் சொல்லுங்கள்.

போக்குவரத்தில் கவனம் தேவைப்படுவது டான் பக்கத்துக்குத்தான். ஹின்டர்வைடன்தாலிலிருந்து டானுக்குப் போகும் கிளை ரயில், ஆண்டின் வெப்பமான மாதங்களில் குறிப்பிட்ட நாட்களில் மட்டுமே ஓடுகிறது; மற்ற நாட்களில் பேருந்து. ஆல்ட்டான், ட்ராக்கன்ஃபெல்ஸ், பெர்வார்ட்ஷ்டைன் மூன்றையும் பெரியவர்களோடு ஒரே நாளில் பார்க்க, அந்த ஒரு நாளுக்கு மட்டும் லண்டாவில் வாடகைக் கார் எடுத்துக்கொள்வது நல்லது. மற்ற நாட்களுக்கு, ஐந்து பேர் வரை சேர்ந்து பயணிக்கத்தக்க மாநில ஒருநாள் ரயில் சீட்டு போதுமானது; வார நாட்களில் அது காலை ஒன்பது மணிக்கு மேல்தான் செல்லும், அதிவேக ரயில்களில் செல்லாது. அம்மா அப்பாவின் மூட்டுவலி எந்த அளவு, எந்த மாதம் வருகிறீர்கள் என்று சொன்னால், ட்ரீஃபெல்ஸ் ஏற்றத்தை எந்த வேளையில் வைத்துக்கொள்வது என்று நாள்வாரியாகத் திட்டமிட்டுத் தருகிறேன்.